கோவா கேசினோவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு பழைய குமாஸ்தாவின் கணக்கு

(பள்ளிப்பட்டில் நடந்த நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அடுத்த மாதம் நம் குடியிருப்பிலிருந்து பன்னிரண்டு பேர் கோவா போகிறீர்கள். போன வாரம் மாடிப்படியில் செயலாளர் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், நீங்க ஏற்கெனவே போயிட்டு வந்தவர். அந்தக் கப்பல் கேசினோவைப் பத்திப் பத்து நிமிஷம் பேசுங்க. எல்லாரும் அதைத்தான் கேக்கிறாங்க" என்றார். ஒப்புக்கொண்டேன்.

போகாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. போவதானால் எப்படிப் போவது, பையில் பணத்தோடு எப்படித் திரும்புவது என்று சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் பயணம். கோவாவில் இப்போது இரண்டு விமான நிலையங்கள். பழையது டாபோலிம், தெற்கே. புதியது மோபா, வடக்கே. 2023 ஜனவரியில் விமானங்கள் வரத் தொடங்கின. டிக்கெட்டில் "கோவா" என்று மட்டும் பார்த்துவிட்டு டாக்சி பேசாதீர்கள். எந்த நிலையம் என்று பார்த்துவிட்டு, பனாஜிக்கு என்ன வாடகை என்று கேளுங்கள்.

கேசினோக் கப்பல்கள் நிற்பது பனாஜியில், மாண்டவி ஆற்றில். நம் கொசஸ்தலை ஆற்றைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது கடல் மாதிரி இருக்கும். கரையில் சீட்டு வாங்கிக்கொண்டு சின்னப் படகில் ஏறினால் கப்பலில் கொண்டுபோய் விடுவார்கள். திரும்பவும் அந்தப் படகு வந்தால்தான் வர முடியும். "போதும், கிளம்பலாம்" என்று எழுந்த மனுஷன், படகுக்குக் காத்திருக்கும் நேரத்தில் மறுபடி மேஜைக்குப் போய்விடுவான். நான் போனேன்.

வயது 21 முடிந்திருக்க வேண்டும். அடையாள அட்டை கட்டாயம். ஆண்கள் அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்போடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆடும் இடத்தில் போட்டோ எடுக்க விடமாட்டார்கள். வார நாட்களில் நுழைவுக் கட்டணம் குறைவு. வெள்ளி, சனி, ஞாயிறு கூடும்.

அந்தக் கட்டணத்தில் சாப்பாடு, குடிவகை, கொஞ்சம் சில்லுகள் எல்லாம் சேர்த்திருப்பார்கள். மேஜையில் பணத்துக்குப் பதில் வைப்பார்களே, அந்த வட்டக் காசுகள்தான் சில்லு. கட்டணத்தோடு தரும் சில்லுகளைப் பெரும்பாலும் ஒருமுறை ஆடத்தான் முடியும், கவுண்டரில் கொடுத்துப் பணமாக மாற்ற முடியாது. "2,000 கட்டினேன், 1,500 சில்லாகக் கொடுத்துட்டாங்க, அப்போ 500-தான் செலவு" என்று நினைக்காதீர்கள். எந்தச் சில்லு பணமாகும், எது ஆகாது என்று உள்ளே போகும் முன்பே கேட்டுவிடுங்கள்.

அடுத்து வரி. பி.காம் படித்ததற்கு இதையாவது சொல்ல வேண்டும். கேசினோவுக்கு ஜி.எஸ்.டி. 2023 அக்டோபரிலிருந்து 28 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். சில்லு வாங்கக் கொடுக்கும் தொகை மீது இந்த வரி. ஆகவே கவுண்டரில் ஒரே கேள்வி கேளுங்கள்: "பத்தாயிரம் கொடுத்தால் என் கையில் எத்தனை ரூபாய்ச் சில்லு வரும்?" பதில் வந்த பிறகு பர்ஸைத் திறக்கலாம்.

ஜெயித்தால் வருமான வரி தனி. நேராக 30 சதவீதம், அதன் மேல் 4 சதவீத செஸ். மூத்த குடிமக்களுக்கான விலக்கு வரம்பு, 80சி கழிவு எதுவும் இதற்குப் பொருந்தாது. நேற்று 30,000 தோற்று இன்று 20,000 ஜெயித்தால், உங்கள் கணக்கில் 10,000 நஷ்டம். வருமான வரிக் கணக்கில் 20,000 வருமானம். தோற்றதைக் கழிக்க விடமாட்டார்கள்.

இப்போது ஆட்டம். ரூலெட் சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். 1 முதல் 36 வரை எண்கள், கூட ஒரு பூஜ்யம், மொத்தம் 37 குழிகள். ஒரு எண்ணில் 100 ரூபாய் வைத்து அது வந்தால், வைத்த நூறோடு 3,500 தருவார்கள். நியாயமாக 3,600 தர வேண்டும். அந்த வித்தியாசம்தான் கடைக்காரர் லாபம்: போடும் ஒவ்வொரு நூறுக்கும் சராசரியாக 2 ரூபாய் 70 காசு. சில சக்கரங்களில் இரண்டு பூஜ்யம் இருக்கும். அங்கே 5 ரூபாய் 26 காசு. ஆகவே உட்காரும் முன் பூஜ்யத்தை எண்ணுங்கள்.

"நூத்துக்கு மூணு ரூபாய்தானே, வட்டிக்கடையை விடக் குறைவு" என்று தோன்றும். வட்டி மாதத்துக்கு ஒரு முறை. சக்கரம் மணிக்கு நாற்பது முறை சுற்றினால், முறைக்கு 500 வைப்பவர் ஒரு மணியில் 20,000 ரூபாய்க்கு ஆடிவிடுகிறார். சராசரி நஷ்டம் மணிக்கு 540. இரண்டு பூஜ்யச் சக்கரத்தில் ஆயிரத்தைத் தாண்டும். நான் உட்கார்ந்த கூடத்தில் கடிகாரம் கண்ணில் படவில்லை. ஆகவே கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு போங்கள்.

"ஆறு தடவை சிவப்பு வந்துடுச்சு, இனி கறுப்புதான்" என்று பக்கத்தில் ஒருவர் சொல்வார். 1913 ஆகஸ்டில் மான்டி கார்லோ கேசினோவில் தொடர்ந்து 26 முறை கறுப்பு வந்தது. இனி சிவப்புதான் என்று நம்பிப் பணத்தைக் கொட்டியவர்கள் தெருவுக்கு வந்தார்கள். முந்தின சுற்றில் என்ன வந்தது என்று சக்கரத்துக்கு ஞாபகம் இருக்காது.

இனி என் கதை. ஓய்வு பெற்ற அடுத்த ஆண்டு நானும் என் வீட்டாரும் கோவா போனோம். ஒரு சாயங்காலம் அவர்கள் அறையில் ஓய்வெடுக்க, நான் மட்டும் கப்பலுக்குப் போனேன். எனக்கு ஒரு திட்டம் இருந்தது. சிவப்பில் 500 வைப்பது. தோற்றால் 1,000. மறுபடி தோற்றால் 2,000. எப்போதாவது சிவப்பு வரத்தானே வேண்டும்? வந்தால் விட்டதெல்லாம் திரும்பி, 500 லாபம். காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது.

முதல் அரை மணியில் 3,000 ஜெயித்தேன். கொஞ்ச நேரத்தில் அதையும் விட்டேன். பிறகு தொடர்ந்து ஐந்து முறை சிவப்பு வரவில்லை. 500, 1,000, 2,000, 4,000, 8,000. கூட்டிப் பாருங்கள், 15,500. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கொண்டுபோன ரொக்கம் 6,000-தான். மீதிக்குக் கார்டைத் தேய்த்திருந்தேன். அடுத்து 16,000 வைக்க வேண்டும், அதுவும் 500 லாபத்துக்காக. அப்போதுதான் கை நடுங்கியது. தொடர்ந்து ஐந்து முறை தோற்பது அபூர்வம் இல்லை, ஏறக்குறைய 28-க்கு ஒன்று என்று பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கைக் கப்பல் ஏறுவதற்கு முன்பே போட்டிருக்க வேண்டும்.

அறைக்கு வந்து, "ரெண்டாயிரம் போச்சு" என்றேன். பணம் போனதை விட அந்தப் பொய்தான் பெரிய நஷ்டம். முப்பத்து நான்கு வருஷம் ஊர்க்காரர்களின் பாஸ்புக்கில் வரவு செலவு பதிந்து கொடுத்தவன், என் பாஸ்புக்கை ஆறு மாதம் பதிவு போடாமல் பீரோவில் ஒளித்து வைத்தேன். ஏழாவது மாதம் அவர்களே எடுத்துப்போய்ப் பதிவு போட்டு வந்தார்கள். அன்றைக்கு எதுவும் கேட்கவில்லை. இரவு சாப்பாடு பரிமாறும்போது, "இன்னும் ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க" என்றார்கள். அவ்வளவுதான். இதோ, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இதைச் சொல்லலாம் என்று அனுமதி தந்ததும் அவர்கள்தான்.

அதற்குப் பிறகு ஒரு விஷயம் என் கண்ணைத் திறந்தது. 1976-ம் ஆண்டு கோவா சூதாட்டத் தடுப்புச் சட்டத்தை 1992-லும் 1996-லும் திருத்தி, முதலில் ஐந்து நட்சத்திர ஓட்டலுக்கும் பிறகு கப்பலுக்கும் இடம் கொடுத்தார்கள். அதே கோவாவில் 2020 பிப்ரவரி 1 முதல் கோவா மக்கள் சூதாட உள்ளே போகத் தடை. சிங்கப்பூரில் வெளிநாட்டவருக்கு நுழைவு இலவசம். சொந்தக் குடிமக்கள் ஒரு நாளைக்கு 150 டாலர் கட்ட வேண்டும். மொனாக்கோ நாட்டவர் மான்டி கார்லோவில் ஆடக் கூடாது. சமைத்தவர் தன் பிள்ளைக்குக் கொடுக்காத பண்டத்தை விருந்தாளிக்குப் பரிமாறினால் நாம் யோசிக்க வேண்டாமா?

ஆகவே போகிறவர்கள் இப்படிச் செய்யுங்கள். எவ்வளவு விடலாம் என்று கிளம்பும் முன்பே வீட்டில் இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். சினிமா டிக்கெட் மாதிரி அது செலவுக் கணக்கு. அந்த ரொக்கத்தை மட்டும் எடுத்துப் போங்கள். கார்டு ஓட்டலிலேயே இருக்கட்டும், போனில் உள்ள யு.பி.ஐ. செயலியையும் எடுத்துவிடுங்கள். தனியாகப் போகாதீர்கள். ஆடுவதற்கு முன் குடிக்காதீர்கள். யாரிடமும் சில்லு கடன் வாங்காதீர்கள். ஊர் திரும்பிய பிறகு போனில் "போனஸ்" என்று சூதாட்டச் செய்தி வந்தால் அழித்துவிடுங்கள். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025-ல் மத்தியச் சட்டமே தடை செய்துவிட்டது.

பகல் பொழுதைக் கோவாவுக்குக் கொடுங்கள். பழைய கோவாவில் பாம் ஜீசஸ் தேவாலயம், மங்கேஷி கோயில், பனாஜியில் ஃபொன்டைனாஸ் தெருக்களின் பழைய வீடுகள் எல்லாம் பாருங்கள். பழைய கோவாவிலிருந்து திவார் தீவுக்கு அரசாங்கப் படகு போகிறது. நடந்து ஏறுகிறவருக்குக் கட்டணம் இல்லை. அதே மாண்டவி ஆறு, அதே காற்று. இரண்டாம் முறை போனபோது நாங்கள் இருவரும் அந்தப் படகில் போய்த் திரும்பினோம்.

வந்த அன்றே பாஸ்புக்கைப் பதிவு போட்டு அவர்கள் கையில் கொடுத்தேன்.