அயலூர் நம்மூர் ஆவது எப்போது?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம்மிற் பலர் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகளைக் கழித்துத் தில்லிக்கு வந்து சேர்ந்தவர்கள். அன்று நாம் வேண்டியவை பெரியன அல்ல. பால் எங்கே கிடைக்கும், அலுவலகத்துக்கு எந்தப் பேருந்து செல்லும் என்பனவே நம் கவலைகள். புழுங்கலரிசி தேடிக் கரோல் பாக் வரை அலைந்தோம். மார்கழிக் குளிரில் தயிர் உறையாதது கண்டு திகைத்தோம். பாத்திரத்தைக் கம்பளியாற் சுற்றி வைக்கும்படி சொல்லித் தந்தவர் அண்டை வீட்டுப் பஞ்சாபி அம்மையார். இட்லி மாவையும் அவ்வாறே வைத்தோம், பொங்கிற்று! அறியாமையால் பெரியவர் ஒருவரைத் 'தூ' என ஒருமையில் விளித்தபோது, அவர் சினவாது நகைத்து, 'ஆப்' என்னும் மரியாதைச் சொல்லைக் கற்பித்தார்.

1923-இல் தமிழர் தொடங்கிய கல்விப் பணி இன்று பல பள்ளிகளாய் விளங்குகிறது. இராமகிருஷ்ணபுரத்துக் குன்றின்மேல் சுவாமிநாதன் கோயிலுக்கு 1973-இல் குடமுழுக்கு நிகழ்ந்தது. இவை நமக்குப் பெருமையே. எனினும், இவ்வூர் நம்மூர் ஆனது கோபுரத்தைக் கண்ட நாளிலன்று. அயலார் ஒருவர் நமக்கு வழிகாட்டிய நாளிலேயே ஆகும்.

அந்தக் கடனை நாம் தீர்த்தோமா? ஜங்புராவில், பாராபுல்லா வடிகாலின் ஓரத்தில், தமிழ்க் குடும்பங்கள் பல பத்தாண்டுகளாக வாழ்ந்த மதராஸி முகாம் 2025 ஜூன் மாதத்தில் நீதிமன்ற ஆணையின்படி இடிக்கப்பட்டது. ஒரு பகுதியினருக்கே நகரின் வட எல்லையிலுள்ள நரேலாவில் மாற்று வீடுகள் ஒதுக்கப்பட்டன. அங்கு வாழ்ந்த பெண்களிற் பலர் சுற்றுப்புறக் குடியிருப்புகளில் வீட்டுவேலை செய்து பிழைத்தவர்கள். நம் இல்லங்களில் பாத்திரம் துலக்கும் கைகள் எங்கிருந்து வருகின்றன என்று நாம் என்றேனும் கேட்டதுண்டா? நாம் முதல்நாள் கேட்ட கேள்விகளையே, ஒரு தலைமுறை வாழ்ந்த பின்னரும் அவர்கள் மீண்டும் கேட்க வேண்டியதாயிற்று: பேருந்து எது? பிள்ளைக்குப் பள்ளி எது? வேலை எங்கே?

அன்பர்களே! விழா எடுப்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. இடம் பெயர்ந்து வந்த குடும்பம் ஒன்றை நம்மில் ஒவ்வொரு குடும்பமும் அறிந்துகொள்வோம். பள்ளிச் சேர்க்கைக்கு உடன் செல்வோம். முகவரி மாற்றும் விண்ணப்பங்களை நிரப்பித் தருவோம். அன்று அந்த அம்மையார் நமக்குச் செய்தது இத்துணைச் சிறிய உதவியே. அதனாலன்றோ நாம் இங்கு வேரூன்றினோம்!