ஊருக்குப் புதிதாக வந்த ஆசிரியர்



இன்று பட்டம் பெறும் உங்களில் பலர் இன்னும் சில வாரங்களில் முன்பின் தெரியாத ஊரில் அறை பிடித்து, பத்திரிகையிலோ வானொலியிலோ தொலைக்காட்சியிலோ வேலைக்குச் சேரப் போகிறீர்கள். அப்படி ஓர் ஊருக்குப் புதிதாக வந்து ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்த ஒருவரைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அவர் வந்த ஊர் நம்முடைய பினாங்கு ஜார்ஜ் டவுன்.

மாணிக்கசோதி சரவணமுத்து. இலங்கைத் தமிழர், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். 1931இல் 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' என்ற ஆங்கில நாளிதழுக்கு ஆசிரியராகப் பினாங்கு வந்தார். பத்திரிகை இந்த ஊருக்குப் புதிதல்ல. மலாயாவின் முதல் செய்தித்தாள் 1806இல் இங்கேதான் அச்சானது. நாகூர்ப் புலவர் குலாம் காதிறு நாவலர் 19ஆம் நூற்றாண்டிலேயே இங்கு வந்து 'வித்தியா விசாரிணி' என்ற தமிழ் இதழை நடத்தினார். சன் யாட் சென் 1910இல் தொடங்கிய 'குவோங் வா' சீன நாளிதழ் இன்றும் வருகிறது. இத்தனை பழைய பத்திரிகை ஊரில் சரவணமுத்து மட்டும்தான் புது ஆள்.

அவர் வந்த நேரம் நல்ல நேரம் அல்ல. உலகப் பொருளாதாரம் சரிந்து, ரப்பர் விலை அடிமட்டத்தில் கிடந்தது. தோட்டங்களில் வேலை போன நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் மூட்டை முடிச்சோடு பினாங்குத் துறைமுகத்துக்கு வந்து, நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். புதிய ஆசிரியரின் மேசைக்கு அன்றாடம் வந்தவை கப்பல் வரவு, ரப்பர் விலை, நகராட்சித் தீர்மானம், நீதிமன்றச் செய்தி, வாசகர் கடிதம். பிரமாதமான விஷயங்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஊர் என்பது அதற்குள்தான் இருக்கிறது. இங்கே ஒரே தெருவுக்கு அரசாங்கப் பலகையில் ஒரு பெயர், ஹொக்கியன்காரர் வாயில் வேறொரு பெயர், தமிழர் வாயில் இன்னொன்று. எந்தத் தெருவில் யார் கடை, எந்தச் சங்கத்தில் என்ன பிணக்கு, தண்ணீர்மலைக் கோயில் திருவிழாவுக்கு எவ்வளவு கூட்டம் வரும் என்பதெல்லாம் தெரியாமல் இங்கே ஒரு பத்தி எழுத முடியாது. பத்து ஆண்டுகள் அவர் அந்த வேலையைச் செய்தார். ஊர் அவரைச் 'சாரா' என்று அழைக்கத் தொடங்கியது.

1941 டிசம்பர் 11ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுனைத் தாக்கின. குண்டுவீச்சு எப்படியிருக்கும் என்று அறியாத மக்கள், விமானங்களைப் பார்க்க 'அஞ்சடி' எனப்படும் கடைவாசல் நடைபாதைக்கும் தெருவுக்கும் வந்து நின்றார்கள். நூற்றுக்கணக்கானோர் அங்கேயே மாண்டார்கள். அடுத்த சில நாட்களில் ஆங்கிலேய அதிகாரிகள் ஐரோப்பியர்களை மட்டும் இரவோடு இரவாகக் கப்பலேற்றி அனுப்பிவிட்டு, தாங்களும் போய்விட்டார்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட தீவை அவர்கள் விட்டுப்போன விதம் என் மனத்தை இன்றும் கொதிக்க வைக்கிறது. மறுநாள் காலையில் ஊரில் அரசாங்கம் என்று எதுவும் இல்லை. தெருவில் பிணங்கள் கிடந்தன, கடைகள் சூறையாடப்பட்டன.

அந்த நேரத்தில் கார்ன்வாலிஸ் கோட்டைக்குப் போய், யூனியன் ஜேக் கொடியை இறக்கி வெள்ளைக் கொடி ஏற்றியவர் இந்தப் பத்திரிகை ஆசிரியர். ஆங்கிலேயர் சேதப்படுத்தாமல் விட்டுச் சென்ற வானொலி நிலையத்தின் வழியே, பினாங்கில் இனிப் படை இல்லை, குண்டு போட வேண்டாம் என்ற அறிவிப்பு போனது. குண்டுவீச்சு நின்றது. எல்லா இனத்தாரும் சேர்ந்த சேவைக் குழு ஒன்று அவர் தலைமையில் ஊரை ஏற்றுக்கொண்டது. 19ஆம் தேதி ஜப்பானியர் உள்ளே வந்தார்கள். ஜப்பானுக்கு எதிராக எழுதிய ஆசிரியர் என்பதால் பின்பு அவரைச் சிறையில் அடைத்தார்கள். போர் முடிந்த பிறகு அவர் இலங்கையின் தூதராகவும் பணியாற்றினார். 'சாரா சாகா' என்ற தன்வரலாற்று நூலையும் எழுதினார்.

கோட்டையில் கொடி இறக்க அவருக்கு யாரும் அதிகாரம் தரவில்லை. பிறகு ஊர் ஏன் அவர் பேச்சைக் கேட்டது? என் எண்ணத்தைச் சொல்கிறேன். பத்து ஆண்டுகளாக அவர் பத்திரிகையில் வந்த கப்பல் நேரம் சரியாக இருந்தது, விலை சரியாக இருந்தது, அனுப்பிய கடிதம் வெட்டாமல் திரிக்காமல் வெளியானது. அப்படிப்பட்டவர் 'இனிக் குண்டு விழாது' என்று சொன்னால் மக்கள் நம்புவார்கள்.

அந்த நம்பிக்கை எப்படி உருவாகிறது என்பதை நானும் பார்த்திருக்கிறேன். ஒரு பத்திரிகையில் நான் இளம் துணையாசிரியராக இருந்த காலத்தில் ஓர் இரவு, பக்கம் முடிக்கிற நேரத்தில் ஒரு பெரியவர் படியேறி வந்தார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தார். அவர் மனைவி காலமான அறிவிப்பு அது. பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் பெயரெல்லாம் வரிசையாக எழுதியிருந்தது. "ஐயா, சின்ன மருமவன் பேரு விட்டுப்போச்சு, அதையும் போட்டுருங்க" என்று பேனாவை வாங்கி, கை நடுங்க எழுதினார். பத்து லஞ்சாங் மயானத்துக்குப் புறப்படும் நேரம் இரண்டா மூன்றா என்று தெளிவாக இல்லை. எங்கள் ஆசிரியர் எழுந்து வந்து, அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, ஒவ்வொரு பெயரையும் உரக்கப் படித்துக் காட்டி, நேரத்தை இரண்டு முறை கேட்டுக் குறித்தார். அந்த எண் தவறினால் புக்கிட் மெர்த்தாஜாமிலிருந்து ஃபெர்ரி பிடித்து வரும் சொந்தங்கள் கடைசியாக முகம் பார்க்க முடியாது. தலையங்கம் அரை மணி நேரம் காத்திருந்தது. பத்திரிகைத் தொழிலை நான் கற்றது அந்த மேசையருகில் நின்றபோதுதான்.

இப்படி வாசகர் நம்பிய இன்னொரு பத்திரிகையாளரான கோ. சாரங்கபாணியையும் இந்த மேடையில் நினைவுகூர வேண்டும். 1903இல் திருவாரூரில் பிறந்து, 1924இல் சிங்கப்பூர் வந்து, 1935இல் 'தமிழ் முரசு' தொடங்கியபோது அவருக்கு வயது 32. பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்குப் பத்திரிகை வழியாக அவர் அழைத்தபோது, சாதாரணத் தொழிலாளிகளும் கொடுத்தார்கள். அங்கியணிந்து நிற்கிற உங்களுக்கு அவர்கள் கொடுத்த கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

இன்றைய நிலை வேறு. 1924 முதல் வந்த 'தமிழ் நேசன்' நாளிதழ் 2019இல் நின்றுபோனது. 'மக்கள் ஓசை', 'மலேசிய நண்பன்' போன்றவை சிரமத்தோடு நடக்கின்றன. சம்பளம் குறைவு, வேலை நேரம் அதிகம். இருந்தும் உங்களில் சிலராவது அங்கே போய்ச் சேர வேண்டும் என்று உரிமையோடு கேட்கிறேன். சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்த ஊரின் சந்தைக்கும் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் நடந்தே போய் வாருங்கள். தலைமையாசிரியர் பெயரையும் மயானக் காவலர் பெயரையும் ஒரே குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரவில் யாராவது மடித்த தாளோடு வந்தால், முதலில் அவரை உட்காரச் சொல்லுங்கள்.