வணிகருக்கு ஃபாக்ஸ்புரோ தந்ததும் தராததும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ரயில்வேயில் கோப்புக் கட்டும் எழுத்தர்களாகிய எங்களுக்குக் கணினிப் பேச்சு எதற்கு என்று சிலர் நகைக்கலாம். வைத்த கணக்கு வேண்டும்போது அகப்படுமா என்பதே எங்கள் தொழிலின் முதற்கேள்வி. அதை மென்பொருளிடமும் கேட்கலாம் அன்றோ?

ஒரு நிறுவனம் தனக்கே உரிமையாக வைத்துக்கொண்டு விற்கும் மென்பொருள் ஆக்கக் கருவியை நம்பி வணிகர் தம் கணக்கை ஒப்படைக்கலாமா? கூடவே கூடாது என்பார் உளர். நாம் அவர்களோடு உடன்படவில்லை. ஃபாக்ஸ்புரோவின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

அது அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலிருந்த ஃபாக்ஸ் சாஃப்ட்வேர் நிறுவனத்தின் ஆக்கம். 1992-இல் மைக்ரோசாஃப்ட் அந்நிறுவனத்தையே விலைக்கு வாங்கிற்று. 1995-இல் விஷுவல் ஃபாக்ஸ்புரோ வெளிவந்தது. சரக்கிருப்பை வைக்கும் அட்டவணை, பதிவு செய்யும் திரை, அச்சிடும் பட்டியல், இவற்றை இணைக்கும் நிரல்மொழி யாவும் அந்த ஒரே கருவியில் அடங்கியிருந்தன. ஆகவே ஒரு நிரலர் தனியே அமர்ந்து ஒரு கடையின் கணக்கு முழுவதையும் அமைத்துவிட முடிந்தது. அவர் ஆக்கிய நிரலைக் கடைதோறும் நிறுவ மைக்ரோசாஃப்டுக்குத் தனிக்கட்டணமும் இல்லை. சிறு வணிகருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஓர் அட்டவணை 2 ஜிகாபைட்டுக்கு மேல் வளரலாகாது என்றொரு வரம்பு உண்டு; மளிகைக் கடைக்கு அது ஒரு தடையா!

ஆனால் உரிமையாளர் மனம் மாறினால்? 2004-இன் இறுதியில் ஒன்பதாம் பதிப்பு வெளிவந்தது. 2007 மார்ச்சில், இனிப் பத்தாம் பதிப்பு இல்லை என்று நிறுவனம் அறிவித்தது. பயன்படுத்துவோர் பலர் முறையிட்டும் முடிவு மாறவில்லை. 2015 ஜனவரியோடு ஆதரவும் நின்றது. நிரல்கள் மறுநாளே நின்றுவிடவில்லை, ஓடத்தான் செய்தன. எனினும் கருவியில் பழுது கண்டால் நிறுவனத்தின் திருத்தம் வாராது. இளைஞர்களும் அம்மொழியைக் கற்க முன்வாரார்.

அந்நிலையில் வணிகருக்குக் கைகொடுத்தது டிபிஎஃப் என்னும் கோப்பு வடிவமே. பழைய டிபேஸ் காலந்தொட்டே அதன் அமைப்பைப் பலரும் அறிவர். வேறு பல மென்பொருள்களும் அதைத் திறந்து படிக்கும். நிரலைப் புதிதாக எழுத நேர்ந்தாலும், பழைய பேரேட்டைக் கையால் மீண்டும் பதியவேண்டிய அவதி இல்லை.

நம் காலனியில் கடையோ பட்டறையோ நடத்தும் அன்பர்களே! விரைவில் வேலை முடியுமானால் கருவிக்குப் பணம் கொடுப்பதில் தவறில்லை. விலையைப் பேசும்போதே, மூலநிரல் யாரிடம் இருக்கும், கணக்கைப் பொதுவடிவில் வெளியே எடுக்க வழியுண்டா என்பவற்றை எழுத்தில் பெறுங்கள். இரண்டாவதற்கு விற்பவர் மழுப்பினால் எழுந்து வந்துவிடலாம். மாதச் சந்தாவில் இணையவழி இயங்கும் இக்காலக் கருவிகளுக்கு இக்கேள்வி இன்னும் இன்றியமையாதது. அங்கே பேரேடு நம் கடைக் கணினியில்கூட இராது.