சீதபேதி யாருடைய கோபம்?

(பூம்புகாரில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது)



குழந்தைக்கு மலத்தோடு சீதமும் இரத்தமும் போனால் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? ஒருவர் கண்ணேறு என்கிறார். மற்றொருவர் அம்மனுக்கு நேர்ந்துகொண்டது பாக்கி என்கிறார். மந்திரித்துக் கயிறு கட்டுவதற்குள் இரண்டு நாள் போய்விடுகிறது. சில வீடுகளில் குழந்தையும் போய்விடுகிறது.

சீதபேதியை உண்டாக்கும் கிருமிகள் பல. அவற்றில் ஒன்று அமீபா. 1875-இல் ருஷிய தேசத்து வைத்தியர் லோஷ், ஒரு நோயாளியின் மலத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்து அதைக் கண்டார். அது ஒரே உயிரணுவாலான பிராணி. வாயில்லை, பல்லில்லை. ஆனாலும் நம் குடலின் உயிரணுக்களையும் இரத்த அணுக்களையும் விழுங்குகிறது. வாயில்லாதது எப்படி விழுங்கும்?

“எல்லாம் ஆண்டவன் லீலை” என்றால் கேள்வி அங்கேயே செத்துப்போகும். டில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சுதா பட்டாச்சார்யா என்ற அம்மையாரும், அலோக் பட்டாச்சார்யாவும், அவர்களுடைய மாணாக்கர்களும் அப்படிச் சொல்லவில்லை. வருஷக்கணக்காய் ஆராய்ந்தார்கள்.

அவர்கள் கண்டதை நம் வயல் பாஷையிலேயே சொல்லுகிறேன். ஆறு நிரம்பி ஓடினாலும் மதகு மூடியிருந்தால் வயல் காய்ந்துதான் கிடக்கும். உயிரணுவும் அப்படித்தான். வெளியே கால்ஷியம் என்னும் சுண்ணாம்புச் சத்து நிறைய உண்டு. உள்ளே அதில் சுமார் பதினாயிரத்தில் ஒரு பங்குதான். சேதி வந்தால் மதகு திறந்து கால்ஷியம் பாயும். ஆனால் தண்ணீர் வந்தால் மட்டும் போதுமா? மண்வெட்டியோடு நின்று மடையை வெட்டிவிட ஆள் வேண்டாமா? அந்த ஆள்தான் கால்ஷியத்தைப் பிடிக்கும் புரதம்.

அதன் பிடி எப்படியிருக்கும்? வலக்கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து, மற்ற விரல்களை மடக்குங்கள். அந்த மடிப்பில் கால்ஷியம் உட்காரும். இந்த அமைப்பை 1973-இல் கிரெட்சிங்கர் என்ற அமெரிக்கர், கெண்டை மீனின் சதைப் புரதத்தில் விளக்கிக் காட்டினார். அமீபாவின் புரதத்துக்கு இப்படி நான்கு பிடிகள். நம் உடம்பிலுள்ள கால்மாடுலின் என்ற புரதத்துக்கும் நான்கே! கால்ஷியம் உட்கார்ந்ததும் கால்மாடுலினின் உருவம் மாறுகிறது. மாறியதும் வேறு புரதங்களைப் பற்றி அவற்றை வேலை வாங்குகிறது.

அமீபா நம் உயிரணுவைத் தொட்டதும் ஒரு நொதிப் புரதம், கால்ஷியத்தின் துணையால் அதன் மேல்தோலில் ஒட்டிக்கொள்கிறது. அது நான்கு பிடிப் புரதத்தை அங்கே வரவழைக்கிறது. தோல் கிண்ணம்போல் குழிகிறது. கிண்ணம் மூடிப் பையாவதற்கு அந்தப் புரதம் அவசியமென்று 1 மாணாக்கி சோம்லதாவும் இவர்களும் 2011-இல் காட்டினார்கள். அந்தப் புரதத்தைக் குறைத்துவிட்டால் அமீபாவால் சரிவர விழுங்க முடிவதில்லை. அதாவது, அதன் வாய் எதுவென்று கண்டுபிடித்துவிட்டார்கள்!

இது இன்றே மருந்தாகிவிடவில்லை. ஆனால் எங்கே அடிக்கவேண்டுமென்று தெரிந்துகொள்வதே பாதி வெற்றி. 1912-இல் கல்கத்தாவில் ரோஜர்ஸ், எமிட்டின் ஊசியால் இந்நோயைக் குணப்படுத்திக் காட்டினார். இன்று மெட்ரோனிடஸோல் இருக்கிறது. இவை எந்த வேண்டுதலாலும் வந்தவையல்ல.

தோழர்களே! காவிரி சுமார் 800 கிலோமீட்டர் ஓடி, வழியிலுள்ள ஊர்களின் அழுக்கையெல்லாம் சுமந்து நம்மூரில்தான் கடலில் கலக்கிறது. ஆடி அமாவாசையன்று பாவம் போக இங்கே முழுகுகிறார்கள். பாவம் போகிறதோ இல்லையோ, அந்த நீரை வாயில் விட்டுக்கொண்டால் அதிலுள்ள மலக்கிருமி வயிற்றுக்குள் போகும். அமீபா உறையிட்டுக்கொண்டு மலத்தில் வெளிவந்து, தண்ணீரிலும் சோற்றிலும் கையிலும் ஒட்டி வருகிறது. அதற்குப் புண்ணிய தீர்த்தமும் ஒன்றுதான், குட்டையும் ஒன்றுதான். மேல்ஜாதிக் குடல், கீழ்ஜாதிக் குடல் என்றும் அது பார்ப்பதில்லை. குழாய்த் தண்ணீரில் போடுகிற குளோரினுக்கு அந்த உறை லேசில் மசியாது, கொதிக்கவைத்தால் செத்துப்போகும்.

ஆகையால் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். கக்கூஸ் கட்டுங்கள், மலம் கழித்தபின்னும் உண்ணுமுன்னும் சோப்பால் கை கழுவுங்கள். இரத்தம் கண்டால் கயிற்றைத் தேடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நான் சொன்னேன் என்பதற்காக எதையும் நம்பவேண்டாம். யோசித்துப் பார்த்து, சரியென்று பட்டால் செய்யுங்கள். குழந்தை உங்களுடையது.