பாறையைப் பற்றும் உயிர்

நான் விஞ்ஞானம் பயின்றவன் அல்லேன். ஆயினும், கடற்பாசியொன்றின் பிறப்பைப் பற்றி இன்று பேசத் துணிகின்றேன்.

வட அத்திலாந்திக் கரைப் பாறைகளில் பியூக்கசு என்னும் கபில அல்கா வளர்கின்றது. அதன் முட்டைகளும் விந்துக்களும் கடல்நீரிலேயே கூடுகின்றன. பிரான்சியரான துரே என்பார் 1854ஆம் ஆண்டில் இக்கருக்கட்டலை ஆராய்ந்து விளக்கினார்.

கருவுற்ற முட்டை வெறும் உருண்டை. அதற்கு மேலுமில்லை, கீழுமில்லை. அலை அடித்துச் செல்லுமுன் அது பாறையைப் பற்றியாக வேண்டும். எப்பக்கத்தால் பற்றுவது? ஒளியே வழிகாட்டுகின்றது. நிழற்பக்கத்தில் அக்டின் என்னும் புரத இழைகள் திரள்கின்றன. அப்பக்கம் புடைத்து வேர்ப்போலியாகின்றது. ஏறக்குறைய ஒரு நாளில் கலம் குறுக்கே இரண்டாகப் பிரிகின்றது.

இப்பிரிவை நடத்துவது குழியவன்கூடு. அது எலும்புபோல் நிலைத்ததன்று. வேண்டும்போது கட்டி, வேலை முடிந்ததும் பிரிக்கும் சாரக்கட்டுப் போன்றது. அதன் நுண்குழாய்கள், புன்மையத்திகள் உள்ள இரு முனைகளிலிருந்து எழுந்து, நிறமூர்த்தங்களைச் சமபங்காகப் பிரிக்கின்றன. அப்புன்மையத்திகளோ விந்து கொணர்ந்தவை. ஆம், இங்கே சீதனம் கொண்டுவருபவர் மாப்பிள்ளை!

சீதனம் மிகினும் கேடே. இரு விந்துக்கள் நுழைந்தால் முனைகள் பெருகும், பங்கீடு குழம்பும், கரு மடியும். ஆகவே, ஒன்று புகுந்ததும் முட்டை தன் கதவை அடைத்துக்கொள்கின்றது.

நம் கரைகளில் ஒதுங்கும் சாகாசமும் இக்குடும்பத்துக்கு உறவே. அதனைக் காலால் ஒதுக்குமுன், அதுவும் ஒருநாள் இடந்தேடித் தவித்த ஒற்றைக் கலமே என்பதை நினைவிற் கொள்வோமாக.