செத்தவர்களுக்கும் கணக்கு வேண்டும்



வீடற்றவர்களைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். நான் அவர்களுடைய சாவைப் பற்றிப் பேசுகிறேன். ஓர் அரசு யாரை மனிதராக மதிக்கிறது என்பது அவர் சாகும்போது தெரிந்துவிடும்.

முதலில் உயிரோடு இருப்பவர்களின் கணக்கு. 2011 பிப்ரவரி 28 அன்று இரவு, நடைபாதை, பாலத்தடி, ரயில் நிலையம் என்று தேடிப்போய் எண்ணினார்கள். நாடு முழுவதும் 17.7 லட்சம் பேர். அதில் நகரங்களில் மட்டும் 9.38 லட்சம். ஒரே இரவில் எடுத்த கணக்கு இது. லாரிக்கு அடியிலும் கடைக்குப் பின்னாலும் படுத்திருந்தவர்களில் எத்தனை பேர் கண்ணில் பட்டிருப்பார்கள்? 2021இல் எடுத்திருக்க வேண்டிய அடுத்த கணக்கெடுப்பும் அந்த ஆண்டு நடக்கவில்லை.

சாவுக்கு அந்தக் கணக்குகூடக் கிடையாது. நடைபாதையில் ஒருவர் இறந்து கிடந்தால் போலீஸ் வரும், சந்தேக மரணம் என்று பதியும். "அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் 50" என்று எழுதிப் பிணவறைக்கு அனுப்பும். யாரும் கேட்டு வராவிட்டால் புதைப்பார்கள். அல்லது 1951ஆம் ஆண்டின் உடற்கூறியல் சட்டப்படி மருத்துவக் கல்லூரிக்குக் கொடுப்பார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெயிலில் இறந்தவர்களையும் குளிரில் இறந்தவர்களையும் ஆண்டுதோறும் எண்ணுகிறது. அவர்களில் எத்தனை பேருக்கு வீடில்லை என்று சொல்வதில்லை. இறப்புப் பதிவுப் படிவம் செத்தவரின் மதத்தைக் கேட்கிறது, தொழிலைக் கேட்கிறது. வீடற்றவரா என்று கேட்பதில்லை.

எண்ண முடியாது என்று சொல்லாதீர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் முதலில் பத்திரிகையாளர்கள் எண்ணினார்கள். பிறகு 2018 முதல் அரசுப் புள்ளிவிவர அலுவலகமே மதிப்பீடு வெளியிடத் தொடங்கியது. 2019இல் 778 பேர். இறந்த ஆண்களின் சராசரி வயது 46, பெண்களின் வயது 43. அந்த எண்ணால் எல்லோருக்கும் வீடு கிடைத்துவிடவில்லை. ஆனால் அமைச்சரை நிறுத்திக் கேள்வி கேட்க ஓர் எண் கையில் கிடைத்தது.

சாதி ஒழிப்பு மேடையில் இதை ஏன் பேச வேண்டும்? ஊர் வேறு, சேரி வேறு என்று யார் எங்கே வீடு கட்டலாம் என்பதைச் சாதிதான் தீர்மானித்தது. பஞ்சமி நிலமும் கைமாறிப் போனது. நிலமில்லாமல் நகரத்துக்கு வந்தவரிடம் வாடகை வீட்டு வாசலிலும் சாதியைக் கேட்கிறார்கள். அமெரிக்காவில் படித்துவிட்டு வந்த அம்பேத்கரையே பரோடாவில் தங்கிய விடுதியிலிருந்து விரட்டினார்கள். போக இடமில்லாமல் அவர் பூங்காவில் போய் உட்கார்ந்தார். அவருக்கே அந்தக் கதி என்றால், மூட்டை தூக்குகிறவருக்கு என்ன கதி?

சென்னை பாரிமுனைப் பக்கம் மூன்று தலைமுறையாக நடைபாதையிலேயே வாழும் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு வீடு என்று அரசு காட்டுவது கண்ணகி நகரையும் பெரும்பாக்கத்தையும். வேலை இங்கே, வீடு அங்கே. நகரத்துக்கு வெளியே இன்னொரு சேரி.

சரி, காப்பகங்கள் இருக்கின்றனவே என்பார்கள். லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு காப்பகத்தில் 100 பேர் என்பது ஒன்றிய அரசுத் திட்டத்தின் அளவாக இருந்தது. 46 லட்சம் பேர் இருந்த 2011 சென்னைக்கு இது 4,600 படுக்கை. அங்கும் பெரும்பாலும் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. கணவன், மனைவி, பிள்ளை என்று குடும்பமாக இருப்பவர்கள் அப்படிப்பட்ட இடங்களில் பிரிந்துதான் உள்ளே போக வேண்டும். அதனால் நடைபாதையிலேயே இருந்துவிடுகிறார்கள்.

நமது கோரிக்கை எளிமையானது. இறப்புப் படிவத்தில் 'வீடற்றவர்' என்று ஒரு கட்டம் வேண்டும். வயது, காரணம், பட்டியல் சாதி, பழங்குடி விவரத்தோடு மாநகராட்சி ஆண்டுதோறும் அதை வெளியிட வேண்டும்.

அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. உங்கள் ஊர் மாநகராட்சிக்கு ஆளுக்கொரு மனு போடுங்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் உரிமை கோரப்படாத உடல்கள் மாதவாரியாக எத்தனை புதைக்கப்பட்டன என்று கேளுங்கள். வீடற்றவர்களின் சாவு முழுவதும் அதில் அடங்காது. ஆனால் கணக்கை எங்கிருந்தாவது தொடங்க வேண்டும். வரும் பதில்களை ஒன்றாகச் சேர்ப்போம். அடுத்த கூட்டத்தில் அந்த எண்களை வைத்துப் பேசுவோம்.