மண்தட்டுச் சுடுதலும் மக்கட் பயிற்சியும்

(சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சிலருக்கு வியப்பையும், சிலருக்கு அச்சத்தையும் தரக்கூடும். "குழந்தையின் கையில் துப்பாக்கியா?" என்று தாய்மார் சிலர் முகம் சுளிப்பதை இங்கிருந்தே காண்கிறோம். அவ்வச்சம் நியாயமானதே. அதனைப் போக்கிவிட நாம் வரவில்லை. அவ்வச்சத்தையே ஓர் ஒழுக்கமாக்கிக் குழந்தைக்கும் பெற்றோருக்கும் ஒருங்கே பயிற்றுவிக்கலாம் என்பதை, நம் சொந்த அனுபவத்தைக் கொண்டு எடுத்துரைக்கவே வந்தோம். அவ்வனுபவத்தில் நமக்குப் பெருமை தரும் பகுதி சிறிது. வெட்கம் தரும் பகுதி பெரிது. இரண்டையும் மறையாது சொல்லுவோம்.

முதலாவது, இவ்விளையாட்டு இன்னதென்று அறியாதார்க்குச் சிறிது விளக்குவோம். வானிற் பறக்கும் ஒரு சிறு தட்டை ரவைத் துப்பாக்கியினால் சுட்டு உடைப்பதே இது. தட்டின் குறுக்களவு 110 மில்லிமீட்டர். நிறை 105 கிராம். மண்தட்டு என்பது பழைய பெயர். இக்காலத்தில் அது சுண்ணாம்புக்கல் தூளையும் கீலையும் கலந்து வார்க்கப்படுகிறது. யந்திரம் வீசும் வேகத்தை அது தாங்கும். சில ரவைகள் பட்டாலோ சிதறிப்போகும். ஒலிம்பிக் பந்தயத்தில் 'டிராப்' எனப்படும் பிரிவில், சுடுவோர் நிற்பதற்கு ஐந்து நிலைகள் உண்டு. அவற்றிற்கு 15 மீட்டர் முன்னால் ஒரு பள்ளமும், அப்பள்ளத்தில் 15 யந்திரங்களும் இருக்கும். சுடுபவர் குரல் கொடுத்தவுடன் ஏதோ ஒன்றிலிருந்து தட்டுக் கிளம்பும். எத்திசையிற் பறக்கும் என்பது அவருக்கு முன்கூட்டித் தெரியாது. ஒரு சுற்றுக்கு 25 தட்டுகள்.

ஆதியில் இப்பந்தயத்திற்கு இலக்காயிருந்தவை உயிருள்ள புறாக்கள். பெட்டியில் அடைத்து வைத்த புறாவைத் திறந்துவிட்டு, அது சிறகு விரிக்கும் தருணத்தில் சுடுவார்கள். 1900-ம் வருஷம் பாரிஸ் நகரத்து ஒலிம்பிக் காலத்திலும் இக்கொடுமை நடந்தது. ஆயினும், அதற்கு முன்னரே 1880-ம் வருஷத்தில், அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்தவரான ஜார்ஜ் லிகௌஸ்கி என்பார் பறக்கும் மண்தட்டை உண்டாக்கிக் காப்புரிமை பெற்றிருந்தார். அடைத்து வைத்த பறவைகளைத் திறந்துவிட்டுச் சுடுவதை இங்கிலாந்து 1921-ம் வருஷத்தில் சட்டத்தால் தடுத்தது. நம் தேசத்திலும், 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் வேட்டைப் பொழுதுபோக்குக்கு இடமில்லாமற் போயிற்று. நம் பாட்டனார் காலத்தில் துப்பாக்கியென்றால் முயலும் கௌதாரியும் நினைவுக்கு வரும். இன்று ஓருயிரையும் வதையாமல், கண்ணுக்கும் கைக்கும் உள்ள இணக்கத்தைச் சோதிக்க இம்மண்தட்டு நமக்கு வாய்த்திருக்கிறது.

பெற்றோரும் பிள்ளையும் இக்கலையிற் சிறந்து விளங்கியதற்கு நம் தேசத்திலேயே உதாரணங்கள் உண்டு. பிகானீர் மகாராஜா கர்ணிசிங் அவர்கள் 1960-ம் வருஷத்து ரோமாபுரி ஒலிம்பிக் முதலாக ஐந்து ஒலிம்பிக்குகளில் மண்தட்டுச் சுட்டவர். 1962-ம் வருஷம் கெய்ரோவில் நடந்த உலகப் போட்டியில் வெள்ளிப்பதக்கம் பெற்றவர். அர்ஜுனா விருது ஏற்பட்ட 1961-ம் வருஷத்திலேயே அவருக்கு அது கிடைத்தது. அவருடைய புதல்வி ராஜ்யஸ்ரீ குமாரி, துப்பாக்கி சுடுதலுக்காகவே 1968-ம் வருஷத்தில் அதே விருதைப் பெற்றார். குர்பீர்சிங் சந்து 1976-ம் வருஷம் மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் போட்டியிட்டார். அவருடைய புதல்வர் மானவ்ஜித்சிங் சந்து 2006-ம் வருஷத்தில் டிராப் பிரிவில் உலக வீரரானார். மகாராஜாக்களுக்கும் செல்வருக்கும் உரியதன்றோ இது என்று சிலர் கேட்கலாம். தோட்டாவின் விலையை நோக்க, இது செலவுள்ள விளையாட்டு என்பது மெய்யே. ஆனால் நாம் இங்கே சொல்லப்போகும் பாடத்திற்குப் பதக்கமும் வேண்டியதில்லை. பத்துத் தோட்டாக்களே போதும்.

நிற்க. 2024-ம் வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்கில், புதுக்கோட்டைத் தொண்டைமான் வமிசத்தவராகிய பிருதிவிராஜ் தொண்டைமான் டிராப் பிரிவிற் கலந்துகொண்டார். அக்காட்சியைக் கண்டது முதல் நம் புதல்வி, "அப்பா, நானும் ஒருமுறை சுட்டுப் பார்க்கட்டுமா?" என்று விடாது கேட்கலானாள். அப்பொழுது அவளுக்குப் பதின்மூன்று வயது. நம் அன்னையார் இதைக் கேட்டு வெகுண்டார்கள். "பெண் என்பதற்காகச் சொல்லவில்லை, பிள்ளையாயிருந்தாலும் இதையேதான் சொல்வேன். கருவி கையிலிருந்தால் கோபம் வரும்போது புத்தி அதன்மேற் போகும்" என்றார்கள். அதற்கு நம்மிடம் உடனே விடையில்லை. இரண்டு மாதம் பேச்சு நடந்தது. முடிவில் அன்னையார் ஒரு நிபந்தனையோடு இசைந்தார்கள்: துப்பாக்கி நம் வீட்டு வாசற்படியைத் தாண்டக்கூடாது. அந்நிபந்தனையை இன்றளவும் காத்து வருகிறோம்.

சட்டமும் ஏறக்குறைய அன்னையாரின் பக்கமே நிற்கிறது. நம் தேசத்தில் 21 வயது நிரம்பாதவர்க்குத் துப்பாக்கி லைசென்ஸ் பொதுவாகக் கிடையாது. பயிற்சிக்கு மட்டும் 12 வயது நிரம்பிய சிறார்க்கு, உரிமையுள்ள பெரியவரின் நேர்ப்பார்வையில், விதிகளுக்குட்பட்டு இடமளிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே அங்கீகாரமுள்ள சங்கத்தின் சுடுதளத்தை நாடுவதே பெற்றோர் செய்யற்பாலது. தோப்பிலும் வயலிலும் தாமாகக் கற்பிக்க முற்படுவது சட்டத்திற்கும் புத்திக்கும் விரோதமாகும். மண்தட்டுச் சுடும் சிறு ரவைகூட 200 மீட்டர் தூரம் வரை செல்லக்கூடும் என்பதை மறவாதீர்கள்.

முதல் நாள் நடந்ததைச் சொல்லுவோம். பயிற்சியாசிரியர் குழந்தையின் கையில் துப்பாக்கியைத் தரவில்லை. முதலில் கண்ணைச் சோதித்தார். இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கிடையே சிறு துவாரம் அமைத்து, அதன் வழியே தூரத்திலுள்ள ஒரு மரத்தைப் பார்க்கச் சொன்னார். பின் ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னார். எக்கண்ணை மூடினால் மரம் மறைகிறதோ, அக்கண்ணே ஆளுங்கண். அது வலமாயின் துப்பாக்கியை வலத்தோளிலும், இடமாயின் இடத்தோளிலும் வைத்துப் பழகுவது எளிது. எழுதுங்கையைக் கொண்டு மட்டும் தீர்மானித்தால் குழந்தை தவறிக்கொண்டேயிருக்கும், காரணமும் விளங்காது.

அடுத்து, அரைமணி நேரம் தட்டுகள் பறப்பதைப் பார்க்கச் செய்தார். குழந்தை சுட்டுவிரலால் தட்டைத் தொடர்ந்து காட்ட வேண்டும். தட்டு ஓடிக்கொண்டேயிருக்கும், ரவை அதனிடம் சேரச் சிறிது நேரமாகும். ஆகையால் குறுக்கே செல்லும் தட்டை அது இப்பொழுது இருக்குமிடத்திற் சுட்டால் ரவை பின்னே போய்விடும்; போகப்போகுமிடத்தை நோக்கிச் சுடவேண்டும். சுட்ட பின்னும் குழலை நிறுத்தாது தொடர்ந்து ஓட்ட வேண்டும். முதற் பாடத்திற்கோ இக்கணக்கெல்லாம் வேண்டாமென்று, நேரே விலகிச் செல்லும் மெதுவான தட்டையே வைத்தார்.

துப்பாக்கியைத் தெரிந்தெடுப்பதிலும் ஒரு நுட்பமுண்டு. குழந்தைக்கு மிக இலேசான துப்பாக்கியே நல்லதென்று நாம் எண்ணியிருந்தோம். ஒரே தோட்டாவைச் சுடுங்கால், இலேசான துப்பாக்கி தோளை அதிகமாக உதைக்கும். கனமுள்ளது குறைவாக உதைக்கும். எனவே குழந்தை தாங்கக்கூடிய கனமும், அவள் கைக்கேற்ற குறுகிய அடிக்கட்டையும், மருந்தும் ரவையும் குறைந்த தோட்டாவும் ஒன்றாகப் பொருந்தவேண்டும். அவளுக்கு 20 போர் துப்பாக்கி கொடுத்தார்கள். முதல் நாளே தோள் கன்றிப்போனால் குழந்தைக்கு உதைக்கு அஞ்சிக் கண்மூடும் வழக்கம் பற்றிக்கொள்ளும். பின் அதை நீக்குவது வெகு கஷ்டம். கண்ணுக்குக் கண்ணாடியும் காதுக்குக் கவசமும், சுடுவோர்க்கு மாத்திரமன்று, அருகில் நிற்போர்க்கும் இன்றியமையாதவை. ரவை ஈயமாதலால், உண்ணுமுன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவவேண்டும்.

இவையெல்லாம் முடிந்த பிறகே ஆசிரியர் நான்கு கட்டளைகளைச் சொன்னார். துப்பாக்கியை எப்பொழுதும் நிறைந்ததாகவே எண்ணுக. குழல் வாயை ஆபத்தில்லாத திசையன்றி வேறெங்கும் திருப்பற்க. சுடும் தருணம் வரையில் விசையில் விரல் வையற்க. சுடும் நிலையில் நின்றாலன்றித் துப்பாக்கி மடித்துத் திறந்தே இருக்க. குழந்தை நான்கையும் ஒப்பித்தாள். நாமும் தலையசைத்தோம்.

அவள் சுட்ட முதல் ஆறு தட்டுகளும் முழுமையாகவே பறந்து போய் விழுந்தன. ஏழாவது தட்டு உடைந்து கரும்பொடியாகச் சிதறிற்று. அவள் குதிக்கவில்லை. துப்பாக்கியை மடித்துத் திறந்து, குழலைத் தாழ்த்திவிட்டு, பின்னரே நம்மை நோக்கிச் சிரித்தாள். பத்தாவது தோட்டாவோடு ஆசிரியர் நிறுத்திவிட்டார். இன்னும் வேண்டுமென்று ஆசை நிற்கையிலேயே பாடத்தை முடிப்பது நலம் என்றார்.

பின்பு நம் முறை வந்தது. கல்லூரி நாளில் என்.ஸி.ஸி.யிற் சுட்ட பழக்கமுண்டு என்னும் செருக்கு நம்மிடம் இருந்தது. மூன்றாவது தட்டுக்கு விசையை அழுத்தினோம், 'டிக்' என்ற ஓசை மட்டும் கேட்டது, தோட்டா வெடிக்கவில்லை. "என்ன இது?" என்று ஆசிரியரைக் கேட்பதற்காக, மூடிய துப்பாக்கியோடு நாம் பக்கவாட்டில் திரும்பினோம். நம் புதல்வி உட்கார்ந்திருந்த பக்கம் அது.

"அப்பா! குழல்! முன்னாலே பிடியுங்கள்!" என்று அவள் கூவினாள்.

அக்குரலில் நம் உடல் நின்றுவிட்டது. ஆசிரியர் ஓரெட்டில் வந்து குழலை வெளிப்புறம் திருப்பிப் பிடித்துக்கொண்டார். அரை நிமிஷம் ஒருவரும் பேசவில்லை. தோட்டா சில சமயம் தாமதித்தும் வெடிக்குமாதலால் அங்ஙனம் காத்திருப்பது விதி. பின் திறந்து பார்த்தபோது, அடியில் ஊசி குத்திய வடு இருந்தது. தோட்டா நிறைந்தே இருந்தது. ஆசிரியர் குரலை உயர்த்தவில்லை. "இன்று உங்களுக்கு இவ்வளவு போதும், ஐயா" என்று குழந்தையின் எதிரிலேயே சொல்லி, துப்பாக்கியை வாங்கி வைத்தார். நாம் போய் அவள் பக்கத்தில் அமர்ந்தோம். கைகள் நடுங்குவதை மறைக்க முடியவில்லை.

வீடு திரும்பும் வழியில் வெகுநேரம் அவள் பேசவில்லை. பிறகு மெல்ல, "எல்லார் முன்னிலையிலும் உங்களைப் பார்த்து இரைந்துவிட்டேன். தப்பா, அப்பா?" என்று கேட்டாள். அன்பர்களே, நம் குடும்பங்களில் பெரியவர் செய்யும் பிழையைச் சிறியவர் சுட்டிக்காட்டுவது மரியாதைக் குறைவென்று வளர்ந்துவிட்டோம். அக்குழந்தை அந்த மரியாதையை ஒரு கணம் எண்ணிப் பார்த்திருந்தால், இன்று நாம் இங்கே நின்று பேசவும் கூடும். பேசாமற் போகவும் கூடும். "தப்பில்லை, அம்மா. தப்புச் செய்தவன் நான். நாளைக்கும் நான் தவறினால் இதைவிட உரக்கக் கூவு" என்றோம்.

நடந்ததை அன்னையாரிடம் ஒளிக்காமற் சொன்னோம். இத்தோடு பயிற்சி நின்றுவிடும் என்றே எண்ணினோம். அவர்கள் பேத்தியை அருகழைத்துத் தலையைத் தடவினார்கள். பிறகு நம்மை நோக்கி, "அவள் போகட்டும். ஆனால் நீ அவளில்லாமல் தனியாகப் போகாதே" என்றார்கள்.

ஆதலின், இவ்விஷயத்தில் விருப்பமுள்ள பெற்றோர்க்கு நாம் சொல்லிக்கொள்வது இவ்வளவே. குழந்தை தானாகக் கேட்டாலன்றி அழைத்துச் செல்லாதீர்கள். உங்கள் நிறைவேறாத ஆசையை அதன் தோளில் ஏற்றாதீர்கள். எத்தனை தட்டு உடைத்தாய் என்று முதலிற் கேளாதீர்கள்; துப்பாக்கியைத் திறந்து வைத்தாயா என்று கேளுங்கள். கட்டளைகளைக் குழந்தைக்கு மட்டும் உரியனவென்று தலையசைத்துவிட்டு நிற்காதீர்கள். அவற்றை நீங்களும் அதன் எதிரில் ஒப்பியுங்கள். தவறும்போது உங்களைத் தடுக்கும் உரிமையைச் சுடுதளத்தின் வாயிலிலேயே குழந்தைக்குக் கொடுத்துவிடுங்கள். அவ்வுரிமையைக் கொடுக்க மனமில்லாதார் அன்றைய தினம் வீட்டிலேயே இருந்துவிடுவது மேல்.

நம் புதல்வி இப்பொழுது 25-க்குப் பதினொன்று, பன்னிரண்டு தட்டுகள் உடைக்கிறாள். நாம் உடைப்பது அதனினும் குறைவு.